விடுதலையின் பெயரால் ஒரு போர்: பிரான்ஸ், 1790–1794

பிற நாடுகளைக் கைப்பற்றும் நோக்கில் பிரான்ஸ் போர் தொடுக்காது என்றும் எந்த மக்களின் சுதந்திரத்துக்கு எதிராகவும் தன் படையை ஏவாது என்றும் பிரெஞ்சு அரசியல் நிர்ணய சபை 1790 மே 22 அன்று அறிவித்தது. 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் அவ்வுறுதி இடம்பெற்றது. இரண்டாண்டுகள் நிறைவதற்குள், 1792 ஏப்ரல் 20 அன்று, அடுத்து வந்த சட்டமன்றம் ஆஸ்திரிய ஆட்சியாளர்மீது போர் அறிவித்தபோது, எதிர்த்து வாக்களித்தவர்கள் மிகச் சிலரே.

இத்திருப்பத்தில் அரண்மனையின் சூழ்ச்சிக்கும் பங்குண்டு எனினும், போருக்கு அறநெறிச் சாயல் தந்தவர் சட்டமன்ற உறுப்பினரான பிரிஸ்ஸோ. உள்நாட்டுத் துரோகிகளைப் போர் வெளிக்கொணரும் என்றும், மன்னர்களின் கீழ் வாடும் மக்களுக்கு அது விடுதலையைக் கொண்டுசெல்லும் என்றும் அவர் வாதிட்டார். ஆயுதமேந்தி வரும் போதகரை எவரும் வரவேற்பதில்லை என்றும், போர் ஆட்சியாளரையும் தளபதிகளையுமே வலுப்படுத்தும் என்றும் 1792 ஜனவரியில் ஜாக்கோபின் என்னும் அரசியல் சங்கத்தில் எச்சரித்தவர், பிற்காலத்தில் பயங்கர ஆட்சியின் முகமாக அறியப்பட்ட அதே ரோபஸ்பியர்தான்.

அவ்வெச்சரிக்கை விரைவிலேயே மெய்யானது. விடுதலை நாடும் எல்லா மக்களுக்கும் தோழமையும் உதவியும் அளிப்பதாக 1792 நவம்பர் 19 அன்று அறிவித்த, சட்டமன்றத்தை அடுத்து வந்த தேசிய மாநாடு, ஒரு மாதம் கழியுமுன், டிசம்பர் 15ஆம் நாளின் ஆணையால், படை நுழைந்த நாடுகளில் நிலமானிய வரிகளையும் தேவாலயத்துக்குச் செலுத்தப்பட்ட பத்திலொரு பங்கு வரியையும் ஒழித்ததுடன், படைச்செலவில் ஒரு பகுதியை அந்நாட்டவரே ஏற்க வேண்டும் என்றும், சுதந்திரத்தை மறுத்துப் பழைய ஆட்சியைப் பேண விரும்பும் மக்கள் பகைவராகவே கருதப்படுவர் என்றும் விதித்தது. இவ்விதி தத்துவ அறிஞர் ரூசோவின் சொற்களை நினைவூட்டலாம்; எனினும் தனிமனிதரின் விருப்பங்களுக்கு மேலாக, சமூகம் முழுவதன் நன்மையை நாடும் 'பொது விருப்பம்' ஒன்று உண்டு என்றும், அதற்குப் பணிய மறுப்பவரைப் பணியவைப்பது அவரைச் சுதந்திரமாக இருக்கக் கட்டாயப்படுத்துவதே என்றும் 1762இல் அவர் எழுதியது, ஒப்பந்தத்தால் ஒன்றிணைந்த ஒரே சமூகத்தின் உறுப்பினர்களைக் கருதியே ஆகும். டிசம்பர் ஆணையோ அந்த ஒப்பந்தத்தில் பங்கேற்காத பெல்ஜியத்தாரையும் ரைன் கரையோர மக்களையும் அதற்குள் இழுத்துவந்தது.

வெளியே செலுத்திய வன்முறை உள்ளேயும் திரும்பியது. 1793 பிப்ரவரியில் 3,00,000 பேரைப் படைக்குத் திரட்ட இட்ட ஆணை, மார்ச்சில் மேற்குப் பிரான்சின் வாண்டே விவசாயிகளின் கிளர்ச்சிக்குத் தீமூட்டியது. புரட்சித் தீர்ப்பாயம், பொதுப் பாதுகாப்புக் குழு, ஐயத்துக்குரியோரைச் சிறையிட வழிசெய்த செப்டம்பர் 17ஆம் நாளின் சட்டம் ஆகியன அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் 23 அன்று அறிவிக்கப்பட்ட பொதுப் படைதிரட்டலை இவற்றோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. படையெடுப்புக்கு உள்ளான குடியரசு தன் குடிமக்களிடம் தற்காப்புக்கு உழைப்பைக் கோருவதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்நியாயம், வற்புறுத்தும் அரசைக் கேள்வி கேட்கவும் மாற்றவும் வற்புறுத்தப்படுவோருக்கு வழி திறந்திருக்கும் வரை மட்டுமே செல்லும். சமாதானம் வரும்வரை அரசு 'புரட்சிகர' அரசாகவே இருக்கும் என்று 1793 அக்டோபர் 10 அன்று தேசிய மாநாடு தீர்மானித்தபோது அவ்வழி அடைபட்டது. மக்களாட்சியின் பெயரால் நிகழ்ந்த வன்முறை மக்களாட்சியிடமிருந்து பெற்ற அனுமதியை அந்நாளில் இழந்தது என்பதே இவ்வரலாறு காட்டும் முடிவு.

பிரிஸ்ஸோ 1793 அக்டோபர் 31 அன்றும் ரோபஸ்பியர் 1794 ஜூலை 28 அன்றும் கில்லட்டினுக்கு இரையாயினர். வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கி, 1793 கோடையில் சுமார் 18 லட்சம் பேரின் ஒப்புதலைப் பெற்ற அரசியலமைப்பு ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை.