இலங்கை முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்

இலங்கை முஸ்லிம்களின் நிக்காஹ், தலாக், தாபரிப்பு ஆகியவற்றை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். 1954இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்கள் இருவர் தம்முள் மணமுடிக்கப் பொது விவாகப் பதிவுச் சட்டம் இடம் வைக்கவில்லை.

இதை மார்க்கமே என்று கருதுவோர் பலர். ஆனால் இது வந்த வழியில் ஆட்சியாளர்களின் கை நிறையவே பட்டிருக்கிறது. ஒல்லாந்த ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1770இல், பத்தாவியாவிலிருந்து ஒரு சட்டத் தொகுப்பு கொண்டுவரப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் முயற்சியில் அது 1806இல் கொழும்புப் பகுதி முஸ்லிம்களுக்கான சட்டமானது. 1852இல் தீவு முழுவதற்கும் விரிந்தது. 1886இல் திருமணப் பதிவுக்குத் தனிச் சட்டம் வந்தது. முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்களுக்கு வித்திட்டது 1929ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வர 1937 ஆயிற்று. வாரிசுரிமை 1931இன் தனிச் சட்டத்துக்குள் போனது.

ஊர் வழக்கமும் இதில் கலந்திருக்கிறது. மஹர் என்பது மணமகன் மணமகளுக்கு மார்க்கக் கடமையாகத் தரும் கொடை. கைக்கூலியோ பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுப்பது. இந்தத் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சட்ட வாசகத்தில் அப்படியே ஏறியிருக்கிறது. அது மணமகளின் பயனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் வரையறுக்கிறது. ஆகவே மனைவி அதைத் திருப்பிக் கேட்டு காதியிடம் வழக்கு வைக்கலாம். மார்க்க நூல் சொல்லாத ஒரு வழக்கத்துக்குச் சட்டம் இவ்வளவு அக்கறையோடு இடம் கொடுத்தது நியாயமே. அதே அக்கறை மற்றப் பிரிவுகளில் இல்லை.

12 வயது நிரம்பாத சிறுமியின் திருமணத்தைக்கூட காதியின் அனுமதியோடு பதியலாம். மற்றவர்களுக்கு 1995இல் திருமண வயது 18 ஆக்கப்பட்டபோது முஸ்லிம் சிறுமிகள் விடுபட்டுப் போனார்கள். காதியாக ஆண் மட்டுமே இருக்க முடியும். அவர் முன் சட்டத்தரணி வாதாட முடியாது. கணவன் காரணம் சொல்லாமலே தலாக் கொடுக்கலாம், பஸஹ் என்னும் மணமுறிவைக் கேட்கும் பெண்ணோ காரணத்தை நிறுவ வேண்டும். 1978 அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லுபடியாகும் என்கிறது. அதனால் இவற்றை உரிமை மீறல் என்று நீதிமன்றத்தில் வீழ்த்த வழியில்லை. பாராளுமன்றமே திருத்தியாக வேண்டும்.

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் சீர்திருத்தக் குழு அமைந்தது. 2018இல் அறிக்கை வந்தபோது உறுப்பினர்கள் இரு அணியாகப் பிரிந்திருந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் காதி நீதிமன்றப் படியேறிய பெண்களே தம் அனுபவங்களைப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள்.

அவர்கள் முதலில் கேட்பவற்றில் ஒன்று மிகச் சிறியது. ஷாபிஈ மத்ஹபை (சட்டப் பிரிவை) சேர்ந்த மணமகளின் சம்மதத்தை அவளுடைய பாதுகாவலரான ‘வலி’ எடுத்துச் சொன்னாலே போதும் என்கிறது சட்டம். திருமணப் பதிவில் மாப்பிள்ளை கையெழுத்திடுகிறார், வலி கையெழுத்திடுகிறார். மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.