எலும்புப்புரை மருந்து ஏற்பு

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்போ மணிக்கட்டோ முறிந்தவர், எலும்புப்புரைக்கான மருந்தைத் தொடங்கவும் விடாமல் தொடரவும் இசைவது. பலர் ‘கால் தடுக்கியது, அவ்வளவுதான்’ என்று மறுத்துவிடுகின்றனர். முறிவு கூடியபின் இந்நோய் வலிப்பதுமில்லை. அலெண்ட்ரோனேட் வார மாத்திரையை (70 மி.கி.) காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் வந்தால் மாத்திரை எடுப்பது நின்றுபோகும். இம்மருந்தால் தாடையெலும்புச் சிதைவு ஏற்படுவது அரிது. அதைப் பற்றிய அச்சமோ பரவலானது. ஆண்டுக்கொருமுறை சிரைவழி ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தில் இந்தச் சடங்குகள் இல்லை. இடுப்பு முறிந்தோரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் அது புதிய முறிவுகளை 35 விழுக்காடு குறைத்தது. கிளாஸ்கோவில் 1999இல் தொடங்கிய எலும்புமுறிவுத் தொடர்புச் சேவையில், முறிவுடன் வருவோரைத் தேடிப் பேசுவது செவிலியரின் பொறுப்பு.