குடும்பம் என்னும் கணக்கில் வராத கூலி: கோனா காப்பியின் வரலாற்றை முன்வைத்து

'குடும்பப் பண்ணையில் விளைந்தது' என்று காப்பிப் பையின் மேல் அச்சடித்துவிட்டால் விலை ஏறிவிடுகிறது. முதலாளி, கூலி என்கிற கறை படியாத, செடியையும் மண்ணையும் நேசிக்கிற ஒரு வீடு அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக வாங்குகிறவர் நம்புகிறார். 'சிறப்புக் காப்பி' என்கிற பெயரே எர்னா நட்சன் என்கிற காப்பி வியாபாரி 1974இல் ஒரு வணிக இதழில் பயன்படுத்திய பிறகு பரவியதுதான். ஆனால் அந்தப் பெயரில் விற்கிற 'குடும்பம்' அதைவிடப் பழையது. அது எந்த நெருக்கடியில், யாருடைய தேவைக்காக உருவானது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஹவாய்த் தீவின் கோனா மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

1

ஹவாயில் நிலம் தனிச்சொத்தாக ஆனது 1848இன் 'மாஹேலே' பங்கீட்டில். 1850இல் அயலாரும் நிலம் வாங்கலாம் என்றானது. அதே 1850இல் எசமான்-வேலையாள் சட்டமும் வந்தது: ஒப்பந்தத்தை மீறி ஓடுகிற கூலியைப் பிடித்துவந்து கூடுதல் காலம் வேலை வாங்கலாம், மறுத்தால் சிறை. நிலத்தைச் சரக்காக்குவதும் உழைப்பைக் கட்டிப்போடுவதும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் அல்ல. 1893இல் அரசி லிலியுவோகலானி கவிழ்க்கப்பட்டார். 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது.

கோனாவுக்குக் காப்பிச் செடி 1828இலேயே சாமுவேல் ரக்கிள்ஸ் என்கிற மிஷனரியுடன் வந்துவிட்டது. 1890களில் விலை ஏறியபோது வெள்ளைத் துரைமார்கள் பெருந்தோட்டங்கள் போட்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தது. முதலீடு கரும்பின் பக்கம் போய்விட்டது. கைவிடப்பட்ட தோட்டங்கள் 3 ஏக்கர், 5 ஏக்கர் துண்டுகளாகக் குத்தகைக்கு விடப்பட்டன. எடுத்தவர்களில் பெரும்பாலோர் 1885 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியர்.

2

துரைமார்களுக்கு நட்டம் கொடுத்த பயிர் இவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுபடியானது? ருஷ்யப் பொருளியலாளர் சயானோவ் 1920களில் இதற்கு ஒரு விடை சொன்னார். (ஸ்டாலின் ஆட்சி அவரை 1937இல் சுட்டுக் கொன்றது.) விவசாயக் குடும்பம் தன் உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. விலை விழுந்தால் முதலாளி கடையை மூடுவான். குடும்பமோ கூடுதலாக உழைக்கும். வயிற்றைக் கட்டும். அந்தக் கூடுதல் உழைப்பை அது தன்னிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது.

கோனாவில் இந்தப் பிடுங்கல் அட்டவணையே போட்டு நடந்தது. காப்பிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்கணும். சின்னக் கைகள் தேவை. 1932 முதல் 1969 வரை கோனாவின் அரசுப் பள்ளிகள் கோடை விடுமுறையைத் தள்ளிவைத்து, அறுவடைக் காலமான ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை மூடிக்கிடந்தன. பிள்ளைகளின் உழைப்புக்குக் கல்வித்துறையே நாட்காட்டி தயாரித்துக் கொடுத்தது. பெண்கள் பகலெல்லாம் தோட்டத்தில் பறித்துவிட்டு வந்து அடுப்பையும் பார்த்தார்கள். அரிசியும் உரமும் கடையில் கடன். அறுவடை வந்ததும் காப்பியாக அடைக்க வேண்டும். துரை நேரடியாக இல்லை. குத்தகையிலும் கடைக் கணக்கிலும் அவன் இருந்தான்.

அதற்காக இது வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்குக் கோனா ஒரு புகலிடம். 'லூனா' என்கிற மேற்பார்வையாளனின் அதட்டல் இல்லாத காலைப்பொழுது அற்பமான விஷயமில்லை. தன் பிள்ளையைத் தன் தோட்டத்தில் வேலை வாங்குவதற்கும் அடுத்தவன் தோட்டத்துக்கு அனுப்புவதற்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் கூலி கொடுத்து வந்தவர்கள் அவர்களே.

3

நமக்கு இது அந்நியக் கதையல்ல. 1869இல் இலங்கையின் காப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்தது. அங்கே முதலீடு விலகவில்லை, பயிரை மாற்றிக்கொண்டது. பருவத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த தமிழ்க் கூலிகள் ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையோடு லயத்து அறைகளில் கட்டுண்டார்கள். 5 ஏக்கர் குத்தகை அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. அதே இலைத்துரு 2020இல் ஹவாய்க்கும் வந்து சேர்ந்தது. இம்முறை அதைச் சுமந்தது பெருந்தோட்டமல்ல, சிறுபண்ணை.

4

இன்று கோனாவில் 600க்கும் மேற்பட்ட பண்ணைகள், பெரும்பாலானவை சிறியவை. 'கோனா' என்கிற பெயரின் மதிப்பு அக்குடும்பங்களின் மூன்று தலைமுறை உழைப்பில் சேர்ந்தது. ஆனால் அதை அறுவடை செய்தவர்கள் வேறு. 1991இன் ஹவாய்ச் சட்டம், விகிதத்தை அச்சிட்டுவிட்டால் 10 விழுக்காடு மட்டும் கலந்து கோனா பெயரில் விற்கலாம் என்றது. 1996இல் கோனா காய் ஃபார்ம்ஸ் என்கிற நிறுவனம் மத்திய அமெரிக்கக் காப்பியைக் கோனா என்று விற்றது அம்பலமானது. 2019இல் விவசாயிகள் பல வணிக நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள்; சமரசத் தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. 2024இல் இயற்றிய சட்டம் 2027 ஜூலையிலிருந்து 51 விழுக்காடு வேண்டும் என்கிறது. உடல் உழைப்பை முன்பு சுரண்டினார்கள், பிறகு பெயரை.

விவசாயிகளின் இந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அதோடு நின்றுவிட முடியாது. இன்று பழம் பறிக்கிற கைகளில் பல மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. பையின் மேல் குடும்பத்தின் பெயர் இருக்கும். இவர்கள் பெயர் இருக்காது. அதற்கும் அடியில், 1848க்குப் பிறகு நிலமிழந்த ஹவாய் பூர்வகுடிகள். 'குடும்பம்' என்பது யாரை உள்ளே வைக்கிறது என்பதைப் போலவே யாரை வாசலில் நிறுத்துகிறது என்பதும் வரலாறுதான். பெயரைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போனவர்கள் தங்கள் தாத்தா பாட்டி எங்கிருந்து ஓடிவந்தார்கள் என்பதை மறக்காமலிருந்தால், அந்தக் கூலிக் கணக்கில் பறிக்கிறவர்களின் பெயரையும் எழுதியாக வேண்டும்.