தமிழ்நாட்டில் வேளாண்மைக்கான இலவச மின்சாரம்

வேளாண்மைக்கான இலவச மின்சாரம் என்பது பாசனக் கிணறுகளின் மோட்டார்களுக்குக் கட்டணமின்றி மின்சாரம் வழங்கும் தமிழ்நாடு அரசின் திட்டம் ஆகும். இது 2003 இல் நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நிலைபெற்றுவிட்ட அரசுத் திட்டம் ஒன்றை நீக்குவது ஏன் கடினம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடினர். 1984 இல் ம. கோ. இராமச்சந்திரன் அரசு சிறு உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கியது. 1989 இல் பொறுப்பேற்ற மு. கருணாநிதி அரசு அதனை எல்லா உழவர்களுக்கும் விரிவாக்கியது.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர்ப் பகுதியில் குறுவைச் சாகுபடி, சூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுவதைச் சார்ந்தது. அணை திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளில் வடிமுனைக் குழாய்க் கிணறு உள்ளவர்களே நாற்று விட முடிகின்றது. கடலோரக் கடைமடைப் பகுதிகள் பலவற்றில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், அங்குள்ள உழவர்கள் ஆற்று நீரையே நம்பியுள்ளனர். எனவே இத்திட்டத்தின் பயன் படுகை முழுவதும் ஒரே அளவில் கிட்டுவதில்லை.

நீக்கமும் மீட்பும்

2003 இல் செ. செயலலிதா அரசு வேளாண் இணைப்புகளுக்குக் கட்டணம் விதித்தது. சிறு, குறு உழவர்களுக்கு அத்தொகை பணவிடை மூலம் ஈடு செய்யப்பட்டது. 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளிலும் மேட்டூர் அணை சூன் 12 அன்று திறக்கப்படாமையால், படுகையில் நிலத்தடி நீரின் தேவை மிகுந்திருந்த காலம் அது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியின் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. எதிர்க்கட்சிகளின் வலுவான கூட்டணி உள்ளிட்ட வேறு காரணங்களும் இத்தோல்விக்கு இருந்தன. எனினும் அதே மே மாதத்தில் இலவச மின்சாரம் மீண்டும் அறிவிக்கப்பட்டது.

நீக்குவது கடினமாவதற்கான காரணங்கள்

* பயன் பெறுவோர் தம் இழப்பை உடனே உணர்வர். செலவோ வரி செலுத்துவோர், மின்வாரியம் எனப் பலரிடம் பரவிக் கிடப்பதால் எவருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.
* உழவர்கள் திட்டத்தை நம்பிக் கிணறு, மோட்டார் ஆகியவற்றில் முதலிட்டுள்ளனர்.
* இணைப்புகள் பெரும்பாலும் மின்மானியின்றி வழங்கப்பட்டதால், உண்மையான பயன்பாட்டை அளந்து சலுகையைக் குறைப்பது எளிதன்று.
* ஒரு கட்சி நீக்கினால், மற்றொரு கட்சி அதனை மீட்பதாக வாக்களிக்கும். 2020 இல் மின்சாரச் சட்டத் திருத்த வரைவை அ.தி.மு.க. அரசு எதிர்த்தது, 2021 இல் தி.மு.க. அரசு ஒரு இலட்சம் புதிய இணைப்புகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

மீட்பதில் உள்ள வேறுபாடு

2004 இல் மீட்பு எளிதாயிற்று. கம்பிகள், மோட்டார்கள், இணைப்புப் பட்டியல்கள் யாவும் அப்படியே இருந்தமையால் ஓர் அறிவிப்பே போதுமானதாயிற்று.

குடிமராமத்தின் நிலை வேறு. ஊரார் கூடி வாய்க்கால்களையும் குளங்களையும் தூர்வாரிய இவ்வழக்கம் பொதுப்பணித் துறையின் வளர்ச்சியோடு நலிந்தது. அதனைக் காக்க 1858 இல் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டத்தாலும் நலிவைத் தடுக்க இயலவில்லை. 2017 இல் அரசு அப்பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் நிதியின் பெரும்பகுதியை அரசே அளித்தது. பாசனதாரர் சங்கங்களின் பங்கு சிறிதாகவே இருந்தது. பெயரும் பணியும் திரும்பின; ஊர் தானே ஆள் திரட்டிப் பணி பகிர்ந்த ஏற்பாடு அரசாணையால் திரும்பவில்லை.