கிழிந்து வந்த காகிதம்

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து எழுத்தும் தெரியும், அவ்வளவு மெல்லிய காகிதம். தேதி இல்லை, கையொப்பம் இல்லை. 1894 செப்டம்பரில் பாரிஸில் பிரெஞ்சு ராணுவ உளவுப் பிரிவின் மேசைக்கு அது வந்தபோது துண்டு துண்டாகக் கிழிந்திருந்தது. ஜெர்மன் தூதரகத்தில் துப்புரவு வேலை பார்த்த மரி பஸ்தியான் என்ற பெண், அங்கே குப்பைக்குப் போகும் காகிதங்களைச் சேர்த்து உளவுப் பிரிவுக்கு ரகசியமாகக் கொடுத்துவந்தார். அந்த வழியாகத்தான் இதுவும் வந்தது என்றது ராணுவம்.

ஒட்டிப் படித்தார்கள். 120 மில்லிமீட்டர் பீரங்கியின் பிரேக், எல்லைக் காவல் படைகள், மடகாஸ்கர் குறித்த குறிப்பு, பீரங்கிச் சுடும் பயிற்சிக் கையேடு உட்பட ஜெர்மனிக்கு விற்கவிருந்த ஐந்து சரக்குகளின் பட்டியல் அது. பட்டியல் என்று பொருள்படும் ‘போர்தெரோ’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அந்தக் காகிதத்துக்குப் பெயராகிவிட்டது.

எழுதியவன் தலைமையகத்தில் பல பிரிவுகளில் வேலை பழகிய பீரங்கிப் படை அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு கட்டினார்கள். அதன் பிறகே கையெழுத்தைத் தேடினார்கள். பயிற்சியில் இருந்த கேப்டன் ஆல்ஃபிரட் டிரைஃபஸின் எழுத்து ஒத்துப்போவதாகப் பட்டது. அவர் அல்சாஸ்காரர், யூதர். யூத வெறுப்பு ஊறிக் கிடந்த அந்தக் கட்டடத்தில் சந்தேகம் வேர்பிடிக்க அது போதும்.

அக்டோபர் 15 காலை, மேஜர் து பாதி டிரைஃபஸை ஓர் அறையில் உட்காரவைத்தார். என் விரலில் அடிபட்டிருக்கிறது, நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார். கடிதத்துக்குள் போர்தெரோவின் சொற்களைப் புகுத்தினார். பாதியில் நிறுத்தி, ஏன் கை நடுங்குகிறது என்று அதட்டினார். விரல் குளிர்ந்திருக்கிறது என்றார் டிரைஃபஸ். சற்று நேரத்தில் கைது. அந்தக் கடிதத்தில் நடுக்கம் எங்கே தெரிகிறது என்று விசாரணையில் கேட்டபோது து பாதி அசரவில்லை. நிரபராதியாக இருந்தால் அல்லவா நடுங்கியிருப்பான், நடுங்காமல் எழுதினான் என்றால் நடிக்கிறான் என்றார். நடுங்கினாலும் குற்றவாளி, நடுங்காவிட்டாலும் குற்றவாளி.

காகிதம் நிபுணர்களிடம் போனது. பிரான்ஸ் வங்கியின் நிபுணர் கோபெர், இது வேறொருவர் எழுத்தாக இருக்கலாம் என்றார். அவரை ஒதுக்கிவிட்டு அல்போன்ஸ் பெர்த்திலோனிடம் கொடுத்தார்கள். உடல் உறுப்புகளை அளந்து குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையை வகுத்து உலகப்புகழ் பெற்றவர் அவர். கையெழுத்து அவர் துறையே அல்ல. ஒத்திருக்கும் எழுத்துகள் டிரைஃபஸுடையவை, ஒத்துப்போகாதவை அவர் தன் எழுத்தையே மாற்றி எழுதியவை என்று ஒரு கொள்கை கட்டினார். எந்த எழுத்தைக் காட்டினாலும் அது குற்றத்தையே சொல்லும் கொள்கை.

1894 டிசம்பர் 22-இல் தண்டனை. தென் அமெரிக்கக் கரையோரம் இருந்த டெவில்ஸ் தீவில் டிரைஃபஸ் தனிமையில் அடைக்கப்பட்டார். காகிதமோ பயணத்தை நிறுத்தவில்லை.

1896-இல் உளவுப் பிரிவின் புதிய தலைவர் பிகார் கைக்கு எஸ்தர்ஹாசி என்ற மேஜரின் கடிதங்கள் கிடைத்தன. போர்தெரோவின் புகைப்படத்தை அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எழுத்து. யாருடையது என்று சொல்லாமல் பெர்த்திலோனிடம் காட்டினார். இது போர்தெரோ எழுத்து என்றார் பெர்த்திலோன். இது அண்மையில் எழுதியது என்றதும், அப்படியானால் அந்த எழுத்தைப் போலவே எழுத யூதர்கள் யாரையோ பழக்கியிருக்கிறார்கள் என்றார். உண்மை கண்ணுக்கு நேரே கிடந்தபோதும் கொள்கை அசையவில்லை. பிகாரைத் தொலைதூரத்துக்கு மாற்றினார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் ‘லெ மத்தான்’ நாளிதழ் காகிதத்தின் நகலை அச்சிட்டது. பூட்டிய பெட்டிக்குள் கிடந்த எழுத்து தெருவுக்கு வந்தது. டிரைஃபஸின் அண்ணன் மத்தியூ நகல்களைப் பரப்பினார். 1897-இல் அதில் ஒன்றைப் பார்த்த காஸ்த்ரோ என்ற பங்குத் தரகர் திடுக்கிட்டார். தன்னிடம் கணக்கு வைத்திருந்த வாடிக்கையாளரின் எழுத்து அது. எஸ்தர்ஹாசி! அந்தத் தரகர் எழுத்தை வைத்து யாருடைய குணத்தையும் படிக்கவில்லை. பல கடிதங்களில் கண்டு பழகிய எழுத்தை அடையாளம் கண்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் 1898 ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் எஸ்தர்ஹாசியை விடுவித்தது. இரண்டே நாளில் எமில் ஸோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், எஸ்தர்ஹாசிக்குச் சாதகமாக அறிக்கை தந்த மூன்று கையெழுத்து நிபுணர்களையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்.

எழுத்தில் குணம் படிப்பதையே கலையாக வளர்த்தவர்களும் இந்த வழக்கில் இருந்தார்கள். அதற்கு ‘கிராபாலஜி’ என்று பெயர் சூட்டிப் பரப்பியவர் மிஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்த க்ரெப்யூ-ஜாமினிடம் காகிதத்தின் நகல் வந்தபோது, இது டிரைஃபஸின் எழுத்தல்ல என்றார். இந்த இடத்தில் அவரை வணங்கத் தோன்றுகிறது. ஆனாலும் எழுத்தை வைத்து எழுதியவரை அடையாளம் காண்பது ஒன்று, அவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்வது வேறொன்று. உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே கொலைகாரர்களின் எழுத்தையும் நேர்மையானவர்களின் எழுத்தையும் கொடுத்துக் குணம் படிப்பவர்களைச் சோதித்து, 1906-இல் நூலாக வெளியிட்டார். குருட்டு ஊகத்தைவிட அவர்கள் நன்றாகவே சொன்னார்கள், தவறியும் போனார்கள். ஒரு மனிதரின் வாழ்வைப் பணயம் வைக்க அந்தத் தேர்ச்சி போதாது.

1904-இல் அன்ரி புவான்காரே உட்பட மூன்று கணித மேதைகள் பெர்த்திலோன் தன் கொள்கைக்குக் காட்டிய கணக்கை ஆராய்ந்து, அதில் அறிவியல் மதிப்பு எதுவும் இல்லை என்றார்கள். 1906 ஜூலை 12-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஒரு கையெழுத்து எழுதிய தலையெழுத்தை அழிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்தக் காகிதத்தைப் படித்தவர்களில் என் மனதில் நிற்பவர் ஷரவே. பழைய ஆவணங்களைப் படிப்பதில் தேர்ந்தவர். 1894-இல் டிரைஃபஸுக்கு எதிராகச் சொன்னவர்களில் ஒருவர். 1899-இல் ரென் நகரில் மறுவிசாரணை நடந்தபோது எஸ்தர்ஹாசியின் கடிதங்களையும் பார்த்திருந்தார். கூண்டில் ஏறி, நான் தவறிவிட்டேன், இது எஸ்தர்ஹாசியின் எழுத்து என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். காகிதம் மாறவில்லை, மையும் மாறவில்லை. இரண்டாம் முறை படிக்கும் மனம் அவருக்கு இருந்தது. ஒருவர் எழுத்தை இன்னொருவர் முன் விரித்து வைத்து ஆளை எடைபோடச் சொல்லும்போதெல்லாம், படிப்பவரிடம் அந்த மனம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.