பல ஆன்டெனா தொடர்பு அமைப்புகளில் பெருக்கி இரைச்சல்

பல ஆன்டெனாக்கள் கொண்ட கம்பியில்லா அமைப்பின் கொள்ளளவு என்பது, அது ஒரு நொடியில் பிழையின்றிக் கடத்தக்கூடிய தகவலின் உச்ச அளவாகும். ஏற்பியிலுள்ள பெருக்கியின் இரைச்சல் இந்த அளவைக் கட்டுப்படுத்துகிறது. இதைப் பற்றிய புரிதல் 1920களில் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தது.

தொடக்க ஆய்வுகள்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் ஜான்சன், வெப்பத்தால் மின்தடைகளில் சிறு மின்னழுத்தம் எழுவதை அளந்து 1928இல் வெளியிட்டார். அதற்கான கோட்பாட்டு விளக்கத்தை அதே ஆண்டு ஹாரி நைக்விஸ்ட் அளித்தார். வெப்பநிலையும் பட்டை அகலமும் கூடினால் இந்த இரைச்சலின் திறனும் கூடும். பெருக்கி, சமிக்ஞையோடு இந்த இரைச்சலையும் பெருக்குகிறது. தன் பங்குக்கு மேலும் இரைச்சலைச் சேர்க்கிறது. தொடராக அமைந்த பெருக்கிகளில் முதலாவது சேர்க்கும் இரைச்சலே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை ஹரால்ட் ஃபிரீஸ் 1944இல் வெளியிட்ட வாய்பாடு காட்டியது.

ஷானன் எல்லை

1948இல் கிளாட் ஷானன், கொள்ளளவைச் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தோடு இணைத்தார். இந்தத் தொடர்பு மடக்கை வடிவிலானது. ஆகவே திறனை இருமடங்காக்கினாலும், ஒரு ஹெர்ட்சுக்கு நொடிக்கு ஒரு பிட்டுக்கு மேல் கூடுவதில்லை.

பல ஆன்டெனாக்கள்

1990களில் பெல் ஆய்வகத்தின் எம்ரே டெலாட்டரும் ஜெரார்டு ஃபோஷினியும் வேறு வழியைக் காட்டினர். அலைகள் பல திசைகளில் சிதறும் சூழலில், பரப்பி, ஏற்பி இரண்டிலும் ஆன்டெனாக்களைக் கூட்டினால் கொள்ளளவு ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். ஆனால் இக்கணக்கு, ஒவ்வொரு ஏற்பியின் இரைச்சலும் மற்றதோடு தொடர்பற்றது என்று கொள்கிறது.

சிறு கருவிகளில் இக்கருதுகோள் பொருந்துவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் அரை நீளம் சுமார் 6 செ.மீ. ஆன்டெனாக்கள் அதைவிட நெருங்கினால், ஒரு பெருக்கியின் இரைச்சலில் ஒரு பகுதி அதன் உள்ளீட்டு வழியே வெளியேறி, அருகிலுள்ள ஆன்டெனா மூலம் அடுத்த பெருக்கியில் நுழைகிறது.

2005இல் மேத்யூ மோரிஸ், மைக்கேல் ஜென்சன் ஆகியோர் இந்த விளைவையும் சேர்த்துக் கொள்ளளவைக் கணக்கிடும் சுற்று மாதிரியை வெளியிட்டனர். ஆன்டெனாவையும் பெருக்கியையும் இணைக்கும் பொருத்தச் சுற்றே இதில் முக்கியமானது. சமிக்ஞைத் திறனை மிகுதியாகக் கடத்தும் பொருத்தமும், இரைச்சலை மிகக் குறைக்கும் பொருத்தமும் பொதுவாக ஒன்றல்ல. பெருக்கி இரைச்சலே மேலோங்கும் இடங்களில், இரண்டாவதே அதிகக் கொள்ளளவைத் தருகிறது.