புடவைப் பொதியும் மலைப்பாதையும்

மலைநாட்டை அறிய விரும்புவோர் அதனை நடந்தே அறிதல் வேண்டும். புகைவண்டி அதன் எழிலைக் காட்டும், வாழ்வைக் காட்டாது. ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வாழும் லயங்கள் பெருஞ்சாலையினின்று விலகி, பள்ளங்களிலும் மலைச்சரிவுகளிலும் மறைந்து கிடக்கின்றன. அவற்றை நாடிக் கால்நடையாகச் சென்றவருள் தலைசிறந்தவர் கோ. நடேசய்யர்.

தஞ்சை மண்ணினராகிய நடேசய்யர், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் கொழும்புக்கு வந்தார். தோட்டங்களில் உழைக்கும் தம் நாட்டவர் நிலையை நேரிற் காண அவா மிகக் கொண்டார். ஆயின் தோட்டம் என்பது அக்காலத்தில் துரையின் தனியரசு. இசைவின்றி அதனுள் அடிவைத்தல் அத்துமீறல் என்னும் குற்றமாம். எனவே அவர் ஓர் உபாயம் தேடினார். துணி விற்போர் தோட்டங்களுக்குச் சென்று வருவது வழக்கம். புடவை வணிகராகக் கோலம் பூண்டால் கேட்பாரில்லை. படித்தவர், பத்திரிகையாளர், தோளிலே துணிப்பொதியைச் சுமக்கத் துணிந்தார்.

இத்தகைய நடை எளிதன்று. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. பருவமழை பிடித்துவிட்டால் வழுக்காத பாதை இராது. மூடுபனியோ எதிரே வருபவரையும் மறைத்துவிடும். கால்களில் ஏறும் அட்டைகளைப் பற்றி மலைநாட்டாருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இவை அனைத்தினும் பெரிது, அடையாளம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சமே. எனினும் அந்நடைக்கு ஒரு பயன் உண்டு. துரையின் விருந்தினராகச் செல்பவர் தொழிற்சாலையைக் காண்பார்; பொதியுடன் செல்பவரோ லயத்து வாசலில் அமர்வார். அங்கே விலை பேசுவதற்கிடையே குடும்பத்தின் கடனும் தெரியவரும்.

அக்கடன்தான் அன்றைய தோட்ட வாழ்வின் ஆணிவேர். அதன் தொடக்கமும் ஒரு நடைப்பயணத்திலேயே அமைந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகிலும் பலரை மாய்த்தன. எஞ்சியோர் தோட்டம் சேர்ந்தபோது, கங்காணி கொடுத்த வழிச்செலவு அவர்கள் பேரில் கடனாக நின்றது. நடந்து வந்ததற்கே கடன்! அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாறிச் செல்ல இயலாது. புதிய தோட்டத்தார் பழைய கடனைத் தீர்த்தே ஆளைப் பெறுவர். மாடு கைமாறுவதற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியன்று.

தாம் கண்டவற்றை நடேசய்யர் எழுத்தில் வடித்தார். பின்னர் இலங்கையிலேயே தங்கி, 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்தினார். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே குறைந்தபட்சக் கூலி வரையறுக்கப்பட்டு, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாயின. இவை அவர் ஒருவராலேயே விளைந்தன என்றல் மிகையாகும். இந்திய அரசின் வற்புறுத்தலும் பிறர் முயற்சியும் அவற்றில் உண்டு. ஆயினும் லயத்துக்குள் நுழைந்து கண்டவர் என்னும் வலிமை அவருடைய சொல்லுக்கு இருந்தது. 1931இல் அவர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டது. அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தாமே புனைந்த பாடல்களைத் தொழிலாளரிடையே பாடி வந்தார். எழுத்தறியாதார் பலராக இருந்த இடத்தில் பாட்டுப் புகுந்த அளவு பத்திரிகை புகுந்திராது.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

இன்று அத்தோட்டப் பாதைகள் வேறொரு பெயர் பெற்றுள்ளன. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ' நடைபாதை, 22 கட்டங்களாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீள்கிறது. தேயிலையைச் சுமந்து செல்ல வெள்ளையர் காலத்தில் வெட்டிய வழிகளே அதன் பெரும்பகுதி. பல நாட்டவர் முதுகுப் பையுடன் தன்னந்தனியே அதில் நடக்கின்றனர். அவர்களை அத்துமீறியவர் என்பார் இலர்.

முன்னோர் வந்த வடக்கு வழியிலும் மீண்டும் காலடி பட்டது. மலையக மக்கள் வரலாற்றின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த நடையை நினைவுகூர்வதோடு, நிலவுரிமை, வீட்டுரிமை, நியாயமான கூலி ஆகியவற்றையும் அவர்கள் கேட்டனர்.